ஓரறை இருப்பியல்

பாயிரம்

நூலுக்கு முன் வரும் பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது இலக்கணக்காரர்கள் போட்ட சட்டம். எட்டையும் சொல்லி முடிப்பதற்குள் காலை ஸ்டாண்டப் முடிந்து எல்லாரும் டீக்குப் போய்விடுவார்கள் என்பதால் நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன். நுதலிய பொருள்: மென்பொருள் எழுதும் குழு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்வதால் வரும் நன்மை, அதன் வகை, உட்பிரிவு, போலி. எல்லை: தாழ்வெல்லை போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலக்கூடம், உயர்வெல்லை டாப் ஸ்டேஷன், இடையில் குரங்கணி. கேட்போர்: ‘வாரத்தில் இத்தனை நாள் கட்டாயம் ஆபீஸ் வரவும்’ என்று ஹெச்.ஆர். மெயில் வாங்கியவர்கள். பயன்: அந்த மெயிலுக்குப் பதில் போட இந்நூல் உதவாது, பதில் போடாமல் தள்ளிப்போட உதவும்.

மென்பொருளைப் பற்றிய நூலுக்கு மலைச்சரிவு எல்லையாவது எங்ஙனம் எனின், அதற்கு முன்னோர் வழக்கு உண்டு. 2001 பிப்ரவரியில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டு மலை விடுதியில் கூடி, ‘அஜைல்’ என்னும் மென்பொருள் எழுதும் முறைக்கான அறிக்கையை எழுதினார்கள். கையில் கம்ப்யூட்டரும் மெயிலும் இருந்த ஆட்கள்தான்; இருந்தும் மலையேறிப் போய் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். ஆகவே மலை இவ்வியலுக்குப் புறம்பன்று. இதில் உரையாசிரியர்கள் பேசாமல் கடந்துவிடும் ஒரு சிக்கலும் இருக்கிறது. அறிக்கையின் நான்கு அடிப்படைகள் அந்த அறையில் பிறந்தன. கூட வரும் பன்னிரண்டு கொள்கைகளோ அங்கே தொடங்கி, பெரும்பாலும் அவரவர் ஊர் திரும்பிய பிறகு இணையத்தில் செப்பனிடப்பட்டவை. முகம் பார்த்துப் பேசுவதே தகவல் சொல்லச் சிறந்த வழி என்பது அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

குரங்கணி என்றதும் 2018 மார்ச் 11 நினைவுக்கு வராத தமிழர் குறைவு. அன்றைய காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் ஐ.டி. ஊழியர்களும் இருந்தார்கள். அந்த நாளை இந்த நூல் எந்த வகைக்குள்ளும் கொண்டுவராது.

கூட இயல்

ஓரறை இருப்புக்கு எடுத்துக்காட்டு தேடிப் பெங்களூர் போக வேண்டியதில்லை. போடி ஏலக்கூடம் போதும். ஒரு காலத்தில் இங்கே நடந்தது வாய் ஏலம். கத்துகிறவன் கத்த, கேட்கிறவன் கேட்க, விலை ஏறும். இப்போது ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம். வியாபாரிக்கு ஒரு மேசை, மேசைமேல் விலை கேட்க ஒரு கருவி, எதிரே திரையில் லாட் எண்ணும் எடையும் ஏறும் விலையும். ஏலத்துக்கு முன்பே சாம்பிள் சின்னப் பைகளில் வந்துவிடும். வியாபாரி பையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டுகிறார். பச்சை நின்றிருக்கிறதா, வாய் வெடித்திருக்கிறதா, 8 மில்லிமீட்டர் தேறுமா என்று கட்டைவிரலால் உருட்டிப் பார்க்கிறார். ஒன்றை உரித்து, விதை கறுத்திருக்கிறதா என்று பார்த்து, அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறார். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு இது. மென்று பார்ப்பதில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

2021 ஜனவரியில் இந்த ஏலம் கிளவுடுக்கு ஏறியது. போடியில் இருப்பவரும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் விலை கேட்கலாம் என்று ஆனது. முந்தின ஆண்டு ஊரடங்கில் மாநில எல்லை தாண்ட முடியாமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இவ்வியலுக்கு வேண்டிய நுட்பம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கிளவுடு வந்தது, கூடம் போகவில்லை. அந்த ஏற்பாடு இரண்டு கூடங்களைச் சேர்த்துக் கட்டியது. வியாபாரியின் வீட்டுத் திண்ணையைச் சேர்க்கவில்லை.

அஃது ஏன்? சாம்பிளைக் கையில் வாங்க வேண்டும், லைசன்ஸ் உள்ளவர்தான் கேட்கிறார் என்பது தெரிய வேண்டும் என்பன வெளிப்படைக் காரணங்கள். என் கட்சி வேறு. கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் வராத செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எந்த லாட்டுக்கு எவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், எவர் பையைப் பிரிக்காமலே ஒதுக்கினார், போன வாரம் முதல் வரிசையில் இருந்தவர் இன்று ஏன் வரவில்லை. இவற்றைச் சொன்னவர் ஒருவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. கொடுப்பவன் கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுக்க, கொள்பவன் கேளாமல் கொள்வதே ஓரறை இருப்பின் தலைமைப் பயன் என்க.

கேள்வி இயல்

ஓரறையில் அறிவு கைமாறும் வழி மூன்று: கேட்டுப் பெறுவது, கேளாமல் பெறுவது, கேட்கக் கூசிப் பெறாமலே போவது. மூன்றாவது ஒரு வழியே அன்று என்பர் ஒருசாரார். வீட்டிலிருந்து வேலை செய்வோரிடம் அதுவே பெருவழக்காக இருப்பதால் அதை விட முடியாது.

முதலாவது, கேட்டுப் பெறுவது. இதில் நாற்காலியைத் திருப்பிக் கேட்பது, எழுந்து போய்க் கேட்பது, பொதுவில் கேட்பது என உட்பிரிவு மூன்று. பொதுவில் கேட்பது என்பது யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்து, “டெஸ்ட் சர்வர் யாருக்காவது வேலை செய்யுதா?” என்பது. வேலை செய்யாதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவார்கள்; வேலை செய்கிறவர் தூக்க மாட்டார். ஒற்றைக் கேள்வியில் ஊர் நிலவரம் தெரிந்துவிடும். இதே கேள்வியைச் சாட்டில் போடுகிறவன் படும் பாட்டைப் பாருங்கள். முதலில் ‘ஹாய்’. பிறகு ‘பிஸியா?’ பிறகு மூன்று புள்ளிகள் ஆடுவதையே பார்த்திருப்பது. புள்ளிகள் நிற்கும், பதில் வராது. எழுதியதை அழித்து, இன்னும் பணிவாக எழுதி, பணிவு கூடிவிட்டதோ என்று மறுபடி அழிப்பான். சர்வரை அதற்குள் யாரோ சரிசெய்திருப்பார்கள்.

இரண்டாவது, கேளாமல் பெறுவது. இதற்கு அலிஸ்டர் காக்பர்ன் என்பார், சவ்வு வழியே நீர் ஊறுவதுபோல் அறையில் பேச்சு ஊறுகிறது என்று பெயரிட்டார். ஒட்டுக்கேட்டல் என்று நம் வீடுகளில் திட்டு வாங்கித் தருவது மென்பொருளில் மேன்மைக் குணம். எடுத்துக்காட்டு வருமாறு. ஏலக்காய் ரசீதுக்கு ஒரு செயலி எழுதும் குழு என்று வைத்துக்கொள்வோம். சன்னல் பக்கம் இருவர் மெதுவாகப் பேசுகிறார்கள்.

“எடையை கிலோவுலதானே சேமிக்கிறோம்?”

“ஆமாம்ப்பா. ரசீதுல வர்றது அப்படியே போகும்.”

முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டெஸ்டர் அக்கா திரும்பாமலே சொல்கிறார்: “கிராம். போன வாரமே மாத்தியாச்சு. சாம்பிள் எடையைக் கழிக்கணும்னு கேட்டாங்கள்ல?”

மூன்று வாக்கியம், ஒருவேளை பத்து விநாடி. இந்தப் பத்து விநாடி இல்லாதிருந்தால் செயலி ஒரு விவசாயியின் 40 கிலோ மூட்டையை 40 கிராம் என்று எழுதியிருக்கும். அது தெரியவர ஒரு வாரமும், யார் தவறு என்று தீர்மானிக்க ஒரு மாதமும் ஆகியிருக்கும். அந்த அக்காவை யாரும் மீட்டிங்குக்கு அழைத்திருக்க மாட்டார்கள் என்பதைக் கவனிக்க. அழைக்கப்பட வேண்டியவர் யார் என்று தெரிந்திருந்தால் அந்தத் தவறே நடந்திராது. தனக்கு எது தெரியாது என்று தெரியாதவனுக்கு, அதைக் கேட்க வழியில்லை. பக்கத்து மேசை இருந்தால் அவன் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, கேட்கக் கூசியது. இது புதிதாகச் சேர்ந்தவர்களின் நோய். பொறியியல் கல்லூரியை முடித்து வந்த பிள்ளை, ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைப்பார்களோ என அஞ்சி, அரை நாளைக் கூகுளிடம் கழிக்கும். இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எம்மா ஹாரிங்டன் உள்ளிட்ட மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் குழுக்களை ஆராய்ந்தார்கள். பெருந்தொற்றுக்கு முன், குழு முழுவதும் ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு, எழுதிய கோடின் மேல் கிடைத்த கருத்துரை, இரண்டு கட்டடங்களில் சிதறியிருந்தவர்களுக்குக் கிடைத்ததைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஆபீஸ் மூடி எல்லாரும் வீட்டுக்குப் போனதும் இந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துபோனது. அதிக ஆதாயம் பெற்றவர்கள் இளையவர்களும் பெண்களும். அந்த ஆய்விலேயே இதன் செலவுக் கணக்கும் இருக்கிறது: பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மூத்தவர்கள் எழுதிய கோடு குறைந்தது.

ஓரறை இருப்பின் நன்மை எல்லாருக்கும் சமமாகப் பிரிவதில்லை. மூத்தவர் மடியிலிருந்து எடுத்து இளையவர் மடியில் போடும் ஏற்பாடு அது. வீட்டிலிருந்தே நன்றாக வேலை நடக்கிறதே என்று சத்தியம் செய்பவர்களின் அனுபவ ஆண்டுகளை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரட்டை இலக்கமாக இருக்கும். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அவர்கள் கற்றுக்கொண்ட அறை அவர்கள் கற்றபிறகு மூடப்பட்டது, அவ்வளவுதான்.

காட்சி இயல்

கேட்பது முடிந்தது, இனிக் காண்பது. ஒருவன் சிக்கிக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அறையில் தெரியும் குறி ஐந்து: ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்தல், தாகமில்லாமல் தண்ணீர் பிடிக்கப் போதல், ஹெட்போனில் பாட்டு நின்றபின்னும் அதைக் கழற்றாதிருத்தல், நகம் கடித்தல், திரையை நோக்கி மெல்லிய குரலில் ‘ஏன்டா’ என்றல். ஐந்தாவது வந்தால் பக்கத்தில் இருப்பவர் நாற்காலியை நகர்த்த வேண்டும் என்பது விதி. வீடியோ அழைப்பில் இவ்வைந்தும் கேமராவை அணைத்தவுடன் மறையும்.

ஓரறைக் குழுக்களை நேரில் ஆராய்ந்தவர்கள் ஸ்டெஃபனி டீஸ்லியும் அவருடைய மிச்சிகன் பல்கலைக்கழகத் தோழர்களும். ஒரு கார் நிறுவனத்தில், குழு முழுவதும் ஒரே பெரிய அறையில் உட்கார்ந்து வேலை செய்த ஆறு மென்பொருள் குழுக்களைக் கவனித்தார்கள். 2000-ல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, அந்தக் குழுக்களின் உற்பத்தி நிறுவனத்தின் வழக்கமான அளவைப்போல இரட்டிப்பு. உள்ளே போகும்போது முகம் சுளித்தவர்கள்கூட வெளியே வரும்போது அறையை விரும்பினார்கள். ஆனால் ‘ஆபீஸ் வா’ என்கிற மேலாளர்கள் இந்த ஆய்வைச் சொல்லும்போது விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: பக்கத்திலேயே தனியாகப் பேசவும் யோசிக்கவும் சிறு அறைகள் இருந்தன.

தொலைவு இயல்

தொலைவு எத்தனை வகை? எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1970களில் அளந்து சொன்னது: இரண்டு பொறியாளர்களின் மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது விறுவிறுவென்று விழுகிறது, ஏறத்தாழ 50 மீட்டரைத் தாண்டினால் அப்புறம் ஒரு மாடி தள்ளி இருந்தாலென்ன, ஊரே தள்ளி இருந்தாலென்ன. ஆக இவ்வியலில் தொலைவு இரண்டே: கூப்பிடு தூரம், மற்றவை. குரங்கணியும் சான்பிரான்சிஸ்கோவும் ஒரே வகை.

குரங்கணிப் பக்கத்து மலைக்கு இது நூறாண்டுப் பழம் பாடம். கண்ணன் தேவன் மலைத் தேயிலை மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கியது. கீழே இருந்த இடத்துக்கு, யோசிக்கவே மெனக்கெடாமல், பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து வண்டியில் போடி. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் குறுகிய ரயில் பாதையாகி, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது அந்தக் குண்டளை ரயில். மேலே ஏற்றுகிறவர்களும் கீழே இறக்குகிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை நடந்தது. எப்படி நடந்தது எனின், கைமாறியது தேயிலைப் பெட்டி. மூடிய பெட்டி, குறித்த எடை, உள்ளே என்ன என்பதில் விவாதம் இல்லை. வேலையைப் பெட்டியாக அடைக்க முடியுமானால் மலைக்கு இரு பக்கமும் குழு இருக்கலாம். கிளவுடு ஏலமும் ஓடுவது இதனால்தான்: லாட் எண்ணும் விலையும் மூடிய பெட்டிகள்.

மென்பொருளில் பாதி வேலை பெட்டிக்கு அளவு எடுப்பது. அளவு தெரியாத நாட்களில் பிரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை மெல்வின் கான்வே 1968-லேயே சொல்லிவிட்டார்: ஒரு நிறுவனத்தில் யார் யாருடன் பேசுகிறார்களோ அந்த வரைபடமே அது உருவாக்கும் பொருளிலும் படியும். மதுரையில் ஒரு குழுவும் சென்னையில் ஒரு குழுவும் ஒரு செயலியை எழுதினால், அந்தச் செயலிக்குள் எங்கோ ஒரு திருச்சி இருக்கும். அங்கே எல்லாம் நின்று நின்றுதான் போகும்.

இங்கே ஒரு மயக்கம் களைய வேண்டும். நகரமா கிராமமா என்பது ஒரு கேள்வி. தனியாகவா சேர்ந்தா என்பது வேறு கேள்வி. 2020-க்குப் பின் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம். போடிக்காரப் பெண் சென்னை வேளச்சேரியில் பங்கு அறை எடுத்து இருப்பது, போடியில் அம்மா வீட்டு மாடியில் தனியாக லேப்டாப்புடன் இருப்பது என்று இரண்டே வாய்ப்புகள் இருப்பதாக நினைத்தோம். மூன்றாவதை ஜோஹோ 2011-லேயே தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் செய்துகாட்டியது: ஆளை அறைக்கு இழுக்காமல் அறையை ஊருக்குக் கொண்டுபோவது. 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய ரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது. அது பிள்ளைகளைச் சென்னைக்கு ஏற்றிப் போவதற்கு மட்டும் என்று இருக்க வேண்டியதில்லை. ஏலக்காய்க் கிடங்குகளைத் தட்டி வெள்ளையடித்தால் நல்ல அறைகள் கிடைக்கும், வாசனை இலவசம்.

பரிந்துரைப்போர் இயல்

ஓரறை இருப்பைப் புகழ்வோர் நால்வகையர். அதில் உட்கார்ந்து பயன் கண்டவர், நீண்ட கால லீஸில் கட்டடம் எடுத்தவர், கண்ணால் காணாத வேலையை வேலை என்று நம்பாதவர், வீட்டில் ஏ.சி. இல்லாதவர். முதல் வகையினரும் கடைசி வகையினரும் நம்பத் தக்கவர்கள். டி.சி.எஸ். 2020-ல், 2025-க்குள் கால்வாசி ஊழியர் ஆபீஸ் வந்தால் போதும் என்று சொல்லி, 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வரச் சொன்னது. இதில் எவ்வகையினர் எத்தனை பேர் என்று பிரித்தறிதல் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

போலி என்பது ஓரறைபோல் தோன்றி ஓரறை ஆகாதது. ஆயிரம் பேர் உட்காரும் திறந்த கூடம் தலையாய போலி. ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018-ல் காட்டியது: தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த அலுவலகத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களில் முகம் பார்த்துப் பேசுவது சுமார் 70 விழுக்காடு குறைந்தது, மெயில் ஏறியது. எல்லாரும் பார்க்கும் இடத்தில் மனிதன் காதை மூடிக்கொள்கிறான். எதிரெதிர் மேசையிலிருந்து சாட்டில் பேசிக்கொள்ளும் இருவர் இரண்டாம் போலி. தினம் வேறு மேசை புக் செய்யச் சொல்லி, தன் குழுவை ஏழாம் மாடியில் தொலைத்துவிட்டு, யாரோ இன்சூரன்ஸ் குழுவுக்கு நடுவே உட்கார்ந்து வீடியோ அழைப்பில் தன் குழுவுடன் பேசுவது மூன்றாம் போலி. இதற்காக ஓ.எம்.ஆர். சாலையில் இரண்டு மணி நேரம் வந்தவனின் முகத்தைப் பார்த்தவர்கள் ஓரறை இருப்புக்கு எதிராக வேறு வாதம் தேட மாட்டார்கள். அவன் ஓரறையில் இல்லவே இல்லை என்பதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

என் அறை எது என்று கேட்பீராயின்: ஆறிலிருந்து ஒன்பது பேர், ஒரே பொருளின் மேல் வேலை, எழுதி அழிக்க ஒரு சுவர், கதவுள்ள சிறு அறை இரண்டு, கத்துபவரை முறைக்க எல்லாருக்கும் உரிமை. பகல் இரண்டு மணிக்கு மேல் பேச்சில்லை. எல்லா நாளும் வேண்டியதில்லை. பெட்டிக்கு அளவு எடுக்கும் மாதங்களில் வேண்டும்.

புறனடை

மேற்கூறிய எவ்வகையிலும் அடங்காமல் எஞ்சுவது ‘ஐவர் அறையில், ஒருவர் திரையில்’ என்னும் கலப்பு. அவர் குரங்கணிக்கு மேலே ஏதோ எஸ்டேட் பங்களாவில் இருப்பார். சிக்னல் ஒரு கோடாக இருக்கும். அறையில் ஐவரும் சிரிப்பார்கள்; அவர் அரை நிமிடம் கழித்துச் சிரிப்பார். சுவரில் படம் போட்டு விளக்குவார்கள். கேமரா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேற்சொன்ன ஹாரிங்டன் ஆய்வில், குழுவில் ஒருவர் வெளியே இருந்தாலே உள்ளே இருப்பவர்களுக்குள்ளும் கருத்துரை குறைந்தது. ஆகவே ஒருவர் திரைக்குப் போனால் அந்த மீட்டிங் முடியும்வரை அறுவரும் அவரவர் திரைக்குப் போவதே முறை என்பது என் துணிவு.

அங்ஙனம் போகாதவிடத்து, அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பும் “நான் பேசுறது கேட்குதா?” என்னும் வினா, இலக்கணம் வகுத்த அறுவகை வினாக்களுள் எதன்பாற்படும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விடை தெரியாமல் கேட்பதால் அறியா வினா என்பர் ஒருசாரார். கேட்கிறது என்று தெரிந்தே, தம்மை மறந்தவர்களை நினைவூட்டக் கேட்பதால் அறி வினா என்பர் மற்றொரு சாரார். ஏவல் வினா என்பதே பொருந்தும். ‘யாராவது அந்த லேப்டாப்பை இந்தப் பக்கம் திருப்புங்கப்பா’ என்பது அதன் பொருளாதலின்.